மரத்தைத் தின்னாத மரத்துளைப்பான்: நீலகிரி, பழனி மலைத் தோட்டங்களில் அம்ப்ரோசியா வண்டு

கூடலூர், பந்தலூர் பக்கத்து ரொபஸ்டா காப்பித் தோட்டங்களில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில் இதைப் பார்க்கலாம். செடி முழுக்கப் பச்சையாக நிற்கும். ஒரு சுள்ளி மட்டும் இலை வாடி, கருகித் தொங்கும். அந்தச் சுள்ளியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. துளையின் வாயில் வெளிறிய மரத்தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கும், மழை பெய்திருந்தால் அதுவும் இருக்காது.

சுள்ளியைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்தால் கதை புரியும். துளை நேராக உள்ளே போய், நடுச்சோறு இருந்த இடத்தில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓர் அறையாக விரிந்திருக்கும். அறையின் சுவர் பழுப்பும் கறுப்புமாகக் கறை படிந்திருக்கும். அதன்மேல் வெளிறிய, மெத்தென்ற ஒரு படலம். படலத்தை ஒட்டி வெள்ளை முட்டைகள், காலில்லாத வெள்ளைப் புழுக்கள், கூட்டுப்புழுக்கள், இன்னும் நிறம் ஏறாத மஞ்சள்பழுப்பு இளவண்டுகள் என எல்லா வயதும் ஒரே அறையில் கிடக்கும். வாயிலை அடைத்தபடி கறுப்பாக உட்கார்ந்திருப்பது தாய். ஒன்றரை மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும்.

இதுதான் சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ். தோட்டத்தில் ஷாட் ஹோல் போரர் என்றோ சுள்ளித் துளைப்பான் என்றோ சொல்வார்கள். அம்ப்ரோசியா வண்டு எனப்படும் பெருங்கூட்டத்தில் இது ஒன்று. தேயிலையில் ஷாட் ஹோல் போரர் என்று சொல்லப்படுவது வேறு வண்டு, வேறு பேரினம். இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்குவதால் காப்பிக்குச் சொன்ன யோசனையைத் தேயிலையில் செய்து பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுதான், அதைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் எளிது.

தின்பது என்ன?

அந்த வெளிறிய படலம் பூஞ்சை. தாயும் புழுவும் தின்பது அதைத்தான். மரத்தை அரைப்பது இடம் பண்ணுவதற்காக மட்டும். தூளை வெளியே தள்ளிவிடும். பூஞ்சை மரத்தின் சாற்றையும் சத்தையும் உறிஞ்சி வளரும், வண்டு பூஞ்சையை மேயும்.

பூஞ்சை தற்செயலாக வந்து சேர்வதில்லை. பெண்வண்டின் உடம்பிலேயே அதற்கென்று பை இருக்கிறது. சைலோசாண்ட்ரஸில் அது முதுகில், மார்பின் முன்பகுதியும் நடுப்பகுதியும் சேருமிடத்தில் உள்ளே புதைந்திருக்கும். தேயிலை வண்டின் பேரினமான யூவாலேசியாவில் வாய்ப்பகுதியை ஒட்டி இரண்டு பக்கமும் சிறு பைகள். பிறந்த அறையை விட்டுக் கிளம்பும் பெண், புது வீட்டுக்குப் போகிறவள் உறைமோர் எடுத்துப் போவதைப்போல, அங்கிருந்த பூஞ்சையின் வித்துகளைப் பையில் நிரப்பிக்கொண்டுதான் பறக்கும். புது மரத்தில் துளை போட்டதும் சுவரில் அதை விதைக்கும். பூஞ்சை பிடித்த பிறகே முட்டை. பிடிக்காவிட்டால் அந்தத் துளை வீண்.

இந்தப் படலத்துக்கு 1836-இல் ‘அம்ப்ரோசியா’ என்று பெயரிட்டவர் ஆஸ்திரியாவின் ஷ்மிட்பெர்கர். அது பூஞ்சை என்பதை 1844-இல் ஜெர்மானியர் தியோடோர் ஹார்ட்டிக் காட்டினார். நம் பகுதிக்கு நெருக்கமான கண்டுபிடிப்பு இலங்கையில் நடந்தது. தேயிலைத் துளைப்பானின் பூஞ்சையை காட், லூஸ் இருவரும் 1947-இல் விவரித்தார்கள். இன்று அது ஃபியூசேரியம் அம்ப்ரோசியம் என்று அறியப்படுகிறது. ஃபியூசேரியம் என்றதும் வாழை வாடல் நினைவுக்கு வரும். அந்தப் பேரினத்தில் ஏராளமான இனங்கள் உண்டு, இது வாழை வாடலை உண்டாக்கும் இனம் கிடையாது.

குடும்பமும் உறவும்

அம்ப்ரோசியா வண்டு என்பது ஒரு குடும்பத்தின் பெயரல்ல, ஒரு பிழைப்பு முறையின் பெயர். பூஞ்சை வளர்த்துத் தின்னும் பழக்கம் வண்டுகளில் தனித்தனியாகப் பலமுறை உருவாகியிருக்கிறது. நம் தோட்டங்களில் தொல்லை தருபவை பெரும்பாலும் கூன்வண்டுக் குடும்பத்தின் ஸ்கோலிட்டினே என்ற துணைக்குடும்பம், அதற்குள் சைலெபோரினி என்ற கிளை. இந்தக் கிளையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அதே கூன்வண்டுக் குடும்பத்தில் பிளாட்டிபோடினே என்ற இன்னொரு துணைக்குடும்பமும் பூஞ்சை வளர்க்கும். அவை ஒல்லியாக, நீளமாக இருக்கும். வெட்டிப் போட்ட கட்டைகளில் அதிகம்.

ஸ்கோலிட்டினே எல்லாமே பூஞ்சை வளர்ப்பதில்லை என்பதற்கு நீலகிரியே சாட்சி. காப்பிக் காய்த் துளைப்பான் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1990-இல், கூடலூர்ப் பகுதியில். அதுவும் ஸ்கோலிட்டினே வண்டுதான், உருவமும் அளவும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் அது காப்பிக் கொட்டையையே தின்னும், அதனால் காப்பியோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூஞ்சை வளர்க்கும் சுள்ளித் துளைப்பானோ 200-க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் பதிவாகியிருக்கிறது. இலை தின்னும், கொட்டை தின்னும் பூச்சி அந்தந்தச் செடியின் கசப்பையும் நஞ்சையும் தானே சமாளிக்க வேண்டும். அம்ப்ரோசியா வண்டுக்கு அந்த வேலையைப் பூஞ்சை செய்துவிடுகிறது. பூஞ்சை வளரும் மரம் எதுவோ அதுவே வண்டுக்கு வீடு.

சைலெபோரினிக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆண்வண்டு உருவில் சிறியது, பறக்காது, பிறந்த அறையை விட்டு வெளியேறுவது அரிது. ஒரு ஆணுக்குப் பல பெண்கள் என்ற கணக்கில் பிறக்கும். அக்கா தங்கைகளோடு அங்கேயே இணைசேர்ந்துவிடும். ஆகவே வெளியே பறந்து வரும் பெண் ஏற்கனவே கருவுற்றிருக்கும். இணைசேராத பெண்ணாக இருந்தாலும் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும், அந்த மகனோடு சேர்ந்து வம்சத்தைத் தொடரும். மரப்பெட்டியில் ஒரே ஒரு பெண்வண்டு கப்பலேறினாலும் இன்னொரு கண்டத்தில் குடியேற அது போதும்.

ஒரு பெயரும் நான்கு வண்டுகளும்

தேயிலைத் துளைப்பானை 1868-இல் ஐக்ஹாஃப் என்ற ஜெர்மானியர் இலங்கை மாதிரியிலிருந்து விவரித்து, ஃபோர்னிகேட்டஸ் என்று பெயரிட்டார். அடுத்து வந்தவர்கள் நெருங்கிய உருவங்களுக்கு ஃபோர்னிகேட்டியர், பெர்பிரெவிஸ் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஃபோர்னிகேட்டஸ் என்றே எழுதும் வழக்கம் வந்தது. நீலகிரித் தேயிலை பற்றிய பழைய நூல்களில் இந்த ஒரே பெயர்தான்.

இந்த நூற்றாண்டில் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் வெண்ணெய்ப்பழ (அவகாடோ) மரங்களை ‘அதே’ வண்டு காயவைக்கத் தொடங்கியது. டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது பல இனங்கள் என்று தெரிந்தது. 2018-இல் ஒரு குழு இவற்றைப் பிரித்துப் பெயர் கொடுத்தது. தேயிலை வண்டுக்கு ஃபோர்னிகேட்டஸ் என்ற பழைய பெயரையே விட்டார்கள். அதற்குள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட ஐக்ஹாஃபின் மூல மாதிரி கிடைத்தது. அளந்து பார்த்தால் அது கலிபோர்னியாவின் வெண்ணெய்ப்பழ வண்டோடு பொருந்தியது. 2019-இல் பெயர்கள் இடம் மாறின. உலகெங்கும் பரவிய அந்த வெண்ணெய்ப்பழ வண்டு யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ் ஆனது. தேயிலைத் துளைப்பான் யூவாலேசியா பெர்பிரெவிஸ் ஆனது. ஃபோர்னிகேட்டியரும், 2018-இல் பெயர் பெற்ற குரோஷியோவும் சேர்ந்து மொத்தம் நான்கு.

வெறும் பெயர்ச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2018-க்கு முந்தைய கட்டுரையில் ஃபோர்னிகேட்டஸ் என்று இருந்தால் அது நான்கில் எதுவாகவும் இருக்கலாம். 2018-ஐ ஒட்டி வந்த கட்டுரையில் தேயிலை வண்டைக் குறிக்கும். 2019-க்குப் பிறகு வந்ததில் வெண்ணெய்ப்பழ வண்டு. இணையத்தில் கிடைக்கும் மரப்பட்டியல்கள் பல இந்த மூன்று காலத்தையும் கலந்து எழுதப்பட்டவை. பட்டியலைப் பார்க்குமுன் ஆண்டைப் பாருங்கள். பழைய பதிவுகளில் உள்ள பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு பெர்பிரெவிஸ் என்று மாற்றி எழுதுவதும் தவறு. இந்த இனங்களின் உடல் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், லென்ஸை வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது; இனங்களைப் பிரித்தறிய உதவும் சி.ஓ.ஐ. என்ற மரபணுவைப் படித்தால்தான் முடியும்.

பேரினத்தை மட்டும் அறிய நல்ல நுண்ணோக்கி போதும். வண்டை மல்லாத்தி, முன்னங்கால்கள் உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் தெளிவான இடைவெளி இருந்தால் சைலோசாண்ட்ரஸ், இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் யூவாலேசியா பக்கம். சைலோசாண்ட்ரஸின் முதுகில், பூஞ்சைப் பை இருக்கும் இடத்தில் அடர்ந்த மயிர்க்கற்றையும் தெரியும்.

எங்கே, எந்த உயரத்தில்

சுள்ளித் துளைப்பான் ஆசியாவிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஹவாய், புளோரிடா, பிரேசில் வரை போய், 2010-களில் இத்தாலி, பிரான்ஸ் கடலோரங்களையும் எட்டியது. யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ் கலிபோர்னியா, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா என்று பரவி, 2021-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கண்டறியப்பட்டது.

நம் மலைகளில் எல்லையை வகுப்பது உயரம். தேயிலைத் துளைப்பான் தாழ்ந்த, நடுத்தர உயரங்களின் பூச்சி. ஆயிரம் மீட்டர் அளவில் இருக்கும் கூடலூர், பந்தலூர் தோட்டங்களில் அது நிரந்தரத் தொல்லை. 1,800 மீட்டரை ஒட்டிய குன்னூர், கோத்தகிரியில் அந்த அளவு கிடையாது. குளிரில் பூஞ்சை மெதுவாக வளரும், முட்டை வண்டாக நாள் அதிகம் பிடிக்கும். 25 டிகிரி வெப்பத்தில் சுள்ளித் துளைப்பானுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய நான்கு வாரம்.

காப்பியில் இந்தியாவைப் பொறுத்தவரை ரொபஸ்டாதான் அதிகம் அடிபடுகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலையில் பெரும்பாலும் அரபிக்கா. அதனால் அங்குள்ளவர்கள் இதைத் தங்கள் பூச்சியாக நினைப்பதில்லை. அரபிக்காவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பதும் உண்மைதான். ஆனால் அதே தோட்டங்களில் காப்பிக்கு நடுவே வெண்ணெய்ப்பழம் நிற்கிறது, நிழலுக்கு முள்முருங்கை நிற்கிறது. இரண்டுமே இந்த வண்டுக் கூட்டத்துக்குப் பிடித்தவை. கண் வைத்திருக்க வேண்டியது அங்கே.

மரப்பட்டியலைப் படிப்பது எப்படி

‘இந்த வண்டு 200 மரங்களைத் தாக்கும்’ என்ற வரி பயமுறுத்தும். அந்த எண்ணுக்குள் மூன்று வகை மரங்கள் கலந்திருக்கும். ஒன்று, வண்டு துளை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போன மரம். இரண்டு, பூஞ்சை பிடித்துக் கறை பரவினாலும் குஞ்சு தேறாத மரம். மூன்றாவதுதான் உண்மையான வீடு: முட்டை, புழு, கூட்டுப்புழு, இளவண்டு எல்லாம் இருந்து, அடுத்த தலைமுறை வெளியேறும் மரம். தோட்டக்காரருக்கு மூன்றாம் வகையே முக்கியம், ஊற்று அங்கேதான் இருக்கிறது. எந்த வகை என்று தெரிய ஒரே வழி பிளந்து பார்ப்பது. புழு இல்லாத வெற்றுத் துளையை மட்டும் வைத்து ஒரு மரத்தைப் பட்டியலில் சேர்ப்பதும், அதற்காக நல்ல மரத்தை வெட்டிப் போடுவதும் அவசரம்.

யூவாலேசியா கூட்டம் நன்றாகப் பெருகும் செடிகளில் ஆமணக்கு முன்வரிசை. தோட்ட ஓரத்திலும் கொட்டடி மேட்டிலும் தானாக முளைத்து நிற்கும் ஆமணக்கை யாரும் கவனிப்பதில்லை, தேயிலையை வெட்டி வெட்டிச் சுத்தம் செய்தாலும் வண்டு அங்கிருந்து திரும்பி வரும். முள்முருங்கை, அல்பீசியா இனங்கள், வெண்ணெய்ப்பழம் ஆகியவையும் வீடாகும் மரங்கள். சுள்ளித் துளைப்பானுக்குக் காப்பி, தேயிலை, கோகோ, வெண்ணெய்ப்பழம், மா, மகோகனி எல்லாம் உண்டு. ஆனால் அது பென்சில் தடிமனுக்கு உட்பட்ட சுள்ளியையும் நாற்றையுமே அதிகம் தேடும், அடிமரத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

வெண்ணெய்ப்பழ மரத்தில் யூவாலேசியா விட்ட துளை தனி அடையாளத்தோடு இருக்கும். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்து சிறு மேடாக நிற்கும். மரத்தின் சர்க்கரைச் சாறு கசிந்து காய்ந்தது அது. மழையில் கரைந்துவிடும், ஆகவே வறண்ட நாளில், அடிமரத்தையும் தடித்த கிளைகளையும் சுற்றிவந்து பாருங்கள். பொடியைத் துடைத்து, மேல்பட்டையை நகத்தளவு சீவினால் கீழே பழுப்புக் கறை தெரியும்.

எதை எதோடு குழப்பிக்கொள்வார்கள்

துளைக்குக் கீழே உருண்டை உருண்டையாகக் கழிவு கொட்டிக் கிடந்தால் அது சிவப்புத் துளைப்பான். உள்ளே செந்நிறப் புழு ஒன்று, அகலமான சுரங்கம் இருக்கும். அரபிக்காத் தண்டில் பட்டை மேடு தட்டி, உள்ளே தூள் இறுக அடைந்த சுரங்கம் ஓடினால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். துளையே இல்லாமல் நுனி காய்ந்தால் வெயில் கருக்கல் அல்லது நுனிக்கருகல் நோய். அம்ப்ரோசியா வண்டின் சுரங்கம் மட்டும் எப்போதும் தூளில்லாமல் சுத்தமாக, சுவர் கறுத்து இருக்கும்.

தேயிலையில் துளை கண்ணில் படுவதற்கு முன் கிளை முறிவதுதான் தெரியும். சுரங்கம் கிளையைச் சுற்றி வளையமாக ஓடுவதால், கொழுந்து பறிக்கிறவர் இடுப்பால் விலக்கிப் போகும்போது கிளை அந்த இடத்தில் பட்டென்று ஒடியும். ஒடிந்த முகத்தில் கறுத்த வளையம் இருக்கிறதா பாருங்கள்.

என்ன செய்வது, எது கைகொடுக்காது

மருந்தடிப்பு ஏன் பலிப்பதில்லை என்பது இப்போது விளங்கும். வண்டு மரத்துக்குள் இருக்கிறது, மரத்தைத் தின்பதுமில்லை. பட்டைமேல் படிந்த மருந்து, துளை போட வந்து உட்காரும் பெண்ணை மட்டும்தான் தொடும். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் தெளித்த காசு போனதுதான்.

ரொபஸ்டாவில் பலன் தருவது கத்தரி. செப்டம்பர் முதலே தோட்டத்தைச் சுற்றிவந்து, வாடத் தொடங்கிய சுள்ளியைத் துளைக்கு உட்பக்கம் இரண்டு மூன்று அங்குலம், அதாவது 5 முதல் 7.5 சென்டிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். துளையை ஒட்டி வெட்டினால் சுரங்கத்தின் பாதி செடியிலேயே தங்கிவிடும். வெட்டியதை அன்றே எரிப்பது வெட்டுவதைவிட முக்கியம். வரப்பில் குவித்துவிட்டுப் போனால் சுள்ளிக்குள் இருக்கும் கூட்டுப்புழு வண்டாகி வெளியே வரும். வேண்டாத போத்துகளை (பக்கத்தில் கிளைக்கும் இளந்தண்டுகளை) கோடையிலேயே எடுத்துவிட வேண்டும், அவை வண்டுக்கு ஏற்ற தடிமன். நிழல் மிகுந்து ஈரம் தேங்கும் இடங்களில் தாக்குதல் கூடும், எனவே நிழல்மரக் கவாத்தும் வடிகாலும் இதே வேலையின் பகுதிகள்தான்.

எரிக்க முடியாத தடிமனான வெண்ணெய்ப்பழக் கிளைகளை ஒரு அங்குலத்துக்கும் சிறிய சில்லுகளாக அரைத்து, தெளிந்த பாலித்தீன் போர்த்தி வெயிலில் வைப்பது கலிபோர்னியாவில் பின்பற்றப்படும் முறை. மேகமும் பனியும் மூடும் நம் மலையில் அந்தச் சூட்டை நம்ப முடியாது. அரைப்பதோடு எரிப்பதும் வேண்டும். தாக்கிய கட்டையை விறகாக அடுத்த ஊருக்கு ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

தேயிலையில் வேலை கவாத்துச் சுழற்சியோடு சேர்ந்தது. கவாத்தில் துளைபட்ட மரம் வெளியேறும், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் தாக்குதல் மறுபடி ஏறும். உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் சங்கம்) பரிந்துரைக்கும் எளிய பொறி ஒன்று உண்டு. மலைச்சரிவுகளில் வெள்ளைப் பூக்களோடு புதராக வளரும் மொண்டனோவா செடியின் தண்டை வெட்டி, அரைகுறையாகக் காயவைத்து, ஹெக்டேருக்கு 400 துண்டு, அதாவது ஏக்கருக்கு 160 அளவில், மழைக்குப் பிந்தைய பருவத்தில் தேயிலைக்கு நடுவே வைப்பது. வாடும் தண்டின் வாசனைக்கு வண்டு அதில் இறங்கும். தண்டுகளை உரிய காலத்தில் எடுத்து எரிக்காமல் விட்டால் நாமே வண்டுக்கு நாற்றங்கால் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

வண்டு நடமாட்டம் அறிய புட்டிப்பொறி போதும். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் இரண்டு மூன்று சாளரம் வெட்டி, மூடிப்பக்கம் விரல்நீளத்துக்கு சோப்புத்தண்ணீர் ஊற்றி, நடுவில் எத்தனால் நனைத்த பஞ்சோ எத்தனால் சானிடைசரோ வைக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் சானிடைசர் உதவாது. இடுப்பளவு உயரத்தில், நிழலில் கட்டி வாரம் ஒருமுறை வடிகட்டுங்கள். சிரமத்தில் இருக்கும் மரம் எத்தனாலைக் கசியவிடும் என்பதால் சைலோசாண்ட்ரஸ் போன்றவை வந்து விழும். யூவாலேசியா கூட்டம் எத்தனாலுக்கு அவ்வளவாக வராது. அதற்கு குவர்சிவோரால் என்ற தனிக் கவர்பொருள் வேண்டும். எனவே எத்தனால் பொறி காலியாக இருப்பதை வைத்து ‘எங்கள் வெண்ணெய்ப்பழத்தில் வண்டு இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சந்தேகமான வண்டை உபாசியின் கூடலூர், குன்னூர் மையங்களுக்கோ, தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்துக்கோ, தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ காட்டலாம். டி.என்.ஏ. பார்க்க வேண்டுமானால் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், உருவம் மட்டும் பார்க்க 70 சதவீதம் போதும். சானிடைசரில் போட்டால் களிம்பு ஒட்டி மயிர்களும் புள்ளிகளும் தெரியாமல் போகும். வண்டோடு நிறுத்தாமல் துளையுள்ள சுள்ளியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பிளாஸ்டிக்கில் வேர்க்கவிடாமல் காகிதத்தில் சுற்றி, வண்டு நழுவாதபடி மூடிய டப்பாவில் வைத்து அனுப்புங்கள். உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு வேண்டும்: மரம், ஊர், உயரம், தேதி, துளை இருந்த கிளையின் தடிமன். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.